எஃப் 32.1: சீட்டுல எழுதின பேரு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். "அது வந்து", "ஆக்சுவலி" எல்லாவற்றையும் முடிந்தவரை வெட்டியாச்சு. மற்றபடி பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

போன மாசம் ஒரு மெயில் வந்தது. எழுதினவங்களுக்கு 24 வயசு. "அண்ணா, முதல் தடவையா சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போனேன். 20 நிமிஷம் பேசினாங்க. பைபோலார்னு எழுதிட்டாங்க. 20 நிமிஷத்துல இதெல்லாம் தெரிஞ்சிடுமா? நம்பலாமா?" இதான் கேள்வி. பதில் டைப் பண்ண உட்கார்ந்தேன். நாலு வரில முடிக்க முடியல. சரி, எபிசோடாவே பேசிடலாம்னு தோணுச்சு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் டாக்டர் இல்ல, பேக்கெண்ட் கோடு எழுதறவன். இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. எல்லா பாட்காஸ்ட்லயும் கடமைக்குச் சொல்ற வரி மாதிரி எடுத்துக்காதீங்க. அந்த முட்டாள்தனத்தை நானே பண்ணியிருக்கேன், அதையும் சொல்றேன்.

2021 மே மாசம். கொரோனா ரெண்டாவது அலை. அப்பா 11 நாள் ஆஸ்பத்திரில இருந்தார். கடைசியா அவர் முகத்தைப் பார்த்தது வீடியோ கால்லதான். பையில சுத்திக் கொடுத்தாங்க, நேரா மயானம். நாலு பேர் போனோம். பதினாறாம் நாள் காரியம், அம்மா, தங்கச்சி, நான்னு மூணு பேரோட வீட்டுக்குள்ளேயே முடிஞ்சிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் வாட்ஸப்ல கும்பிடு எமோஜி போட்டாங்க. வேற என்ன பண்ண முடியும் அப்போ?

அப்பா போன மறு வாரமே நான் லேப்டாப்பைத் திறந்துட்டேன். ஜூலை வர்றதுக்குள்ள தூக்கம் சுத்தமா போச்சு. 6 கிலோ குறைஞ்சேன். ஒரு நாள் ப்ரொடக்‌ஷன்ல தப்பான கான்ஃபிக் ஏத்திட்டேன், 40 நிமிஷம் சர்வீஸ் விழுந்து கிடந்தது. மேனேஜர் நல்ல மனுஷன், "முதல்ல போய் டாக்டரைப் பாருப்பா"ன்னார். லீவு வேணும்னா சர்டிஃபிகேட் வேணும்னு எச்ஆர்ல சொன்னாங்க.

போனேன். வெளிய முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. உள்ள எனக்குக் கிடைச்சது 12 நிமிஷம். தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை வாரமா, சாகணும்னு தோணுதா. கேட்டதெல்லாம் சரியான கேள்விங்கதான். சீட்டுல "எஃப் 32.1"னு எழுதி, எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் கொடுத்தாங்க. வெளிய வந்து கூகுள் பண்ணிப் பார்த்தேன். மிதமான மனச்சோர்வு.

அந்த 12 நிமிஷத்துல அப்பா இறந்ததைப் பத்தி அவங்க கேட்கல. நானும் சொல்லல. ஏன் சொல்லலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அந்த வருஷம் எல்லார் வீட்லயும்தான் யாரோ போனாங்க, இதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நினைச்சேனோ என்னவோ.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அந்தப் பேரு கிடைச்சதும் பெரிய நிம்மதி. நான் சோம்பேறி இல்ல, எனக்கு ஒரு நோய் இருக்குங்கிற நிம்மதி. சர்டிஃபிகேட்டை அப்லோட் பண்ணேன், அன்னைக்கே மூணு வாரம் லீவு அப்ரூவ் ஆச்சு. அதே கம்பெனில அப்பா இறந்தப்ப பாலிசிப்படி எனக்குக் கொடுத்தது 3 நாள். துக்கத்துக்கு 3 நாள், கோடு நம்பருக்கு 3 வாரம். டயக்னோசிஸ் எதுக்கெல்லாம் பயன்படுதுன்னு எனக்கு முதல்ல புரிஞ்சது அங்கதான். ட்ரீட்மென்ட்டுக்கு மட்டும் இல்ல, லீவுக்கு, இன்ஷூரன்ஸுக்கு, கோர்ட்டுக்கு, எல்லாத்துக்கும் அதுதான் கேட் பாஸ்.

அம்மா வேற மாதிரி பார்த்தாங்க. "யார்கிட்டயும் சொல்லாதப்பா. தங்கச்சிக்கு வரன் பார்க்கணும்."

லீவுல படுத்துக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன். எஞ்சினியர் புத்தி, டாக்குமென்டேஷன் தேடாம விடாது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேடு டிஎஸ்எம். நம்ம ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் எடுத்துக்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி. என் எஃப் 32.1 அதுல இருக்கிற கோடு. ரெண்டும் பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மாதிரி, சாடை ஒண்ணுதான்.

டிஎஸ்எம்ல மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகள் இருக்கு. அதுல 5 இருக்கணும். அந்த அஞ்சுல ஒண்ணாவது சோர்ந்த மனநிலையாவோ எதுலயும் ஆர்வம் இல்லாததாவோ இருக்கணும். 2 வாரம் நீடிக்கணும். எத்தனை விதமா இந்த விதியைத் திருப்திப்படுத்தலாம்னு பைத்தான்ல அஞ்சு வரி எழுதி ஓட்டிப் பார்த்தேன். 227. அதாவது, ஒரே பேருக்குப் பின்னாடி 227 விதமான ஆளுங்க இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அதே நோய்னு எழுதியிருப்பாங்க, ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு அறிகுறிதான் இருக்கும். அதுலயும் தூக்கம் வராததும் ஓவரா தூங்கறதும் ஒரே வரில வருது.

அடுத்தது. ஏன் இப்படி இருக்கேன்? மனச்சோர்வு இருக்கு, அதனால. மனச்சோர்வு இருக்குன்னு எப்படித் தெரியும்? இப்படி இருக்கேன், அதனால. சர்வர்ல 500 எரர் வருது. ஏன் சைட் வேலை செய்யலன்னு கேட்டா "500 எரர்"னு பதில் சொன்னா டீம் லீட் விடுவாரா? அது என்ன நடக்குதுங்கிறதுக்குப் பேரு, ஏன் நடக்குதுங்கிறதுக்கு இல்ல. சர்க்கரை வியாதிக்கு ரத்தத்துல எண்ணு இருக்கு, டிபிக்குக் கிருமி இருக்கு. மனநோய்ப் பேருங்கள்ல பெரும்பாலானதுக்கு உறுதிப்படுத்தற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்னும் கிடையாது. "மூளைல செரட்டோனின் கம்மி"ங்கிற விளக்கத்துக்கும் சீரான ஆதாரம் கிடைக்கலன்னு 2022ல ஜோவன்னா மான்க்ரீஃப் குழுவோட ஆய்வு சொல்லுச்சு. அதனால மாத்திரை வேலை செய்யாதுன்னு அர்த்தமில்ல, அது தனிக் கேள்வி. பாராசிட்டமால் குறைபாட்டால யாருக்கும் தலைவலி வர்றதில்லையே.

அப்புறம் ஒரு விஷயம் படிச்சேன், அதுதான் என்னை உலுக்குச்சு. டிஎஸ்எம் நாலாம் பதிப்புல ஒரு விதிவிலக்கு இருந்தது. நெருங்கினவங்க இறந்து 2 மாசத்துக்குள்ளன்னா, ரொம்பக் கடுமையான சில அறிகுறிகள் இருந்தாலொழிய மனச்சோர்வுன்னு எழுதக் கூடாது. 2013ல வந்த அஞ்சாம் பதிப்புல அதை எடுத்துட்டாங்க. எடுத்ததுக்குக் காரணமும் இருக்கு. துக்கத்துல இருக்கிறவங்களுக்கும் நிஜமாவே மனச்சோர்வு வரலாம், அவங்களுக்கு உதவி கிடைக்காமப் போயிடக் கூடாது. ஆனா நாலாம் பதிப்புக் குழுவுக்குத் தலைவரா இருந்த ஆலன் ஃபிரான்சிஸே இதை வெளிப்படையா எதிர்த்தார். சாதாரணத் துக்கத்தை நோயாக்கறீங்கன்னு.

அந்த டாக்டர்கிட்ட நான் போனது அப்பா இறந்து ஏழாவது வாரம். பழைய டிஎஸ்எம் வெச்சுப் பார்த்தா நான் அப்பாவை இழந்த பையன். புதுசை வெச்சுப் பார்த்தா நோயாளி. இடையில மாறினது என் மூளை இல்ல, புத்தகம்.

புத்தகம் இப்படி மாறினது புதுசும் இல்ல. ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியல்லேருந்து அமெரிக்கச் சங்கம் எடுத்தது 1973ல. உறுப்பினர்கள் சிலர் ஒத்துக்காம அடுத்த வருஷம் வாக்கெடுப்பு வரைக்கும் போச்சு. டெங்கு இருக்கா இல்லையான்னு எங்கயாவது ஓட்டுப் போடுவாங்களா? அந்தப் பழைய முத்திரையோட மிச்சம் இங்கயும் ரொம்ப நாள் இருந்தது. "குணப்படுத்தறேன்"னு நடக்கிற சிகிச்சைக்குத் தடை போடுங்கன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டது 2021ல.

ஒரே ஆளைப் பார்த்து ரெண்டு டாக்டர்கள் ஒரே பேரைச் சொல்வாங்களா? 1960கள்ல நியூயார்க் டாக்டர்கள் லண்டன் டாக்டர்களைவிட ரொம்ப அதிகமா ஸ்கிசோஃப்ரினியான்னு எழுதினாங்க. ஒரு ஆய்வுக் குழு ரெண்டு ஊர் நோயாளிகளையும் ஒரே முறையில விசாரிச்சுப் பார்த்தா, அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போயிடுச்சு. நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், டாக்டர்களோட பழக்கம்தான் வேற. 1980ல ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில வந்த மூணாம் பதிப்பு இந்தக் குழப்பத்தைச் சரி பண்ணத்தான் செக்லிஸ்ட் முறையைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம். ஆனா அஞ்சாம் பதிப்புக்கு அவங்களே நடத்தின கள ஆய்வுல, மனச்சோர்வுக்கு டாக்டர்களோட ஒத்துப்போற அளவு 0.28. கப்பான்னு சொல்ற அளவுகோல் அது. 1ன்னா முழு ஒற்றுமை, 0ன்னா காசு சுண்டறது. ரெண்டு பேர் கோடு ரிவ்யூ பண்ணி 0.28 வந்தா அந்த ப்ராசஸை நாம மாத்திடுவோம். ஆனா அதே ஆய்வுல விபத்து, வன்முறை மாதிரி அதிர்ச்சிக்குப் பிறகு வர்ற பிடிஎஸ்டிக்கு 0.67, முதல் வகை பைபோலாருக்கு 0.56. எல்லாப் பேரும் ஒரே தரம் இல்ல. மெயில் போட்டவங்க இதைக் குறிச்சுக்கணும்.

இந்த இடத்துல ஒரு திருத்தம். ரொம்ப முன்னாடி ஒரு எபிசோட்ல ரோசன்ஹான் பரிசோதனையைப் பெருமையா சொல்லியிருந்தேன். 1973ல சயன்ஸ் இதழ்ல வந்தது. நல்லா இருக்கிற எட்டுப் பேர் குரல் கேட்குதுன்னு பொய் சொல்லி மனநல மருத்துவமனைல சேர்ந்தாங்க, யாருமே கண்டுபிடிக்கலன்னு. சூசானா கஹாலன்னு ஒரு பத்திரிகையாளர் 2019ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க தேடிப் பார்த்ததுல அந்த எட்டுப் பேர்ல பெரும்பாலானவங்களைக் கண்டுபிடிக்கவே முடியல, ரோசன்ஹான் தன்னோட சொந்த அனுபவத்தையே மாத்தி எழுதியிருக்கார்ங்கிற மாதிரி ஆவணங்கள் கிடைச்சது. டயக்னோசிஸைக் கேள்வி கேட்கிறவங்களோட ஃபேவரிட் கதையே ஓட்டை. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வரேன். இதெல்லாம் படிச்ச வேகத்துல மூணாவது மாசம் ஒரு ராத்திரி, இது நோயே இல்லன்னு முடிவு பண்ணி மாத்திரையை டக்குனு நிறுத்தினேன். மூணாம் நாள் தலை சுத்தல். திரும்பிப் பார்த்தா மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. ரோட்ல ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி குதிச்சதுக்கு அழுதேன். நோய் திரும்பிடுச்சுன்னு பயந்தேன். அது மருந்தை உடம்பு திடீர்னு இழந்ததால வந்த வினை. பிரிட்டன்ல மனநல மருத்துவர்களோட ராயல் காலேஜே 2019ல தன் நிலைப்பாட்டை மாத்திக்கிட்டு, சிலருக்கு இது கடுமையாவும் ரொம்ப நாளும் இருக்கலாம், மெதுவா குறைக்கணும்னு சொல்லியிருக்கு. பேரு தப்பா இருக்கலாங்கிறது ஒரு விஷயம், மருந்து உடம்புக்குள்ள போயிருக்குங்கிறது வேற விஷயம். ரெண்டையும் நான் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன்.

தங்கச்சிதான் வேற டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவங்க கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" அதுக்கே நான் உடைஞ்சுட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம். எஃப் 32.1 சரியா தப்பான்னு கேட்டேன். "பேனால எழுதினதை நான் பென்சில்ல எழுதினதா வெச்சுக்கறேன் தம்பி. ஆறு மாசம் பார்ப்போம்"னாங்க. மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, நாலு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. தினமும் காலைல நடக்கணும், வாரம் ஒரு ஃப்ரெண்டை நேர்ல பார்க்கணும், ராத்திரி ஆன்-கால் வேலையை மூணு மாசம் மாத்தித் தர மேனேஜர்கிட்ட கேட்கணும். அடுத்த மே மாசம் முதல் தெவசம். இந்த முறை ஊர்ல ஐம்பது அறுபது பேர் வந்தாங்க. இலை போட்டுச் சாப்பிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் திண்ணைல உட்கார்ந்து அப்பா சின்ன வயசுல பண்ண சேட்டையெல்லாம் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எது என்னைச் சரி பண்ணுச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. எல்லாத்தையும் ஒரே ரிலீஸ்ல போட்டா எந்த மாற்றம் பக்கைச் சரி பண்ணுச்சுன்னு தெரியாதில்ல, அது மாதிரிதான்.

இதோட நிறுத்தினா, டயக்னோசிஸே வேண்டாம்னு நான் சொல்றதா ஆகிடும். அதனால பெரியம்மா கதை.

பெரியம்மாவுக்கு வருஷத்துல ரெண்டு மாசம் தூக்கமே இருக்காது. வீட்டுப் பத்திரத்தை எடுத்துட்டு பாங்க்குக்குப் போவாங்க, தெருவுல போறவங்களுக்கு நகையைக் கழட்டிக் கொடுப்பாங்க. அப்புறம் நாலு மாசம் எழுந்திரிக்கவே மாட்டாங்க. ஆறு வருஷம் யாருமே பேர் வைக்கல. பேய், கிரகம், மாமியார் வெச்ச சூனியம். குணசீலத்துல 48 நாள் தங்க வெச்சாங்க. அப்புறம் ஒரு அரசு மருத்துவர் பைபோலார்னு சொல்லி லித்தியம் ஆரம்பிச்சார். இன்னைக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காப் போறாங்க, பேத்திக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பறாங்க. அவங்களுக்கு அந்தப் பேருதான் வீடு திரும்பின வழி. "அது வெறும் முத்திரை பெரியம்மா"ன்னு நான் போய்ச் சொன்னா செருப்பால அடிப்பாங்க, அடிக்கணும்.

பேரும் இல்ல, மருத்துவமும் இல்லன்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகைல சங்கிலில கட்டி வெச்சிருந்த 28 பேர் தீயில செத்தாங்க. மாற்று வழின்னு பேசும்போது இது ஞாபகத்துல இருக்கணும்.

அப்போ நிஜமான மாற்று என்ன இருக்கு? பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி பக்கத்துலேருந்து 2018ல லூசி ஜான்ஸ்டன், மேரி பாயில் குழு ஒரு சட்டகம் வெளியிட்டாங்க. உனக்கு என்ன கோளாறுன்னு கேட்காம, உனக்கு என்ன நடந்தது, அது உன்னை எப்படிப் பாதிச்சது, அதை நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்ட, தாக்குப்பிடிக்க என்ன பண்ணினேன்னு கேட்கிறது. என் விஷயத்துல முதல் கேள்வியே போதும். ஆனா இதை வெச்சு பெரியம்மாவுக்கு லித்தியம் டோஸ் முடிவு பண்ண முடியுமான்னா எனக்குச் சந்தேகம்தான். ஃபின்லாந்து லாப்லாந்துல ஓப்பன் டயலாக்னு ஒரு முறை. நெருக்கடில இருக்கிறவரோட குடும்பத்தையும் சேர்த்து உட்கார வெச்சு, அவர் முன்னாடியேதான் டாக்டர்களும் பேசுவாங்க, முதுகுக்குப் பின்னாடி முடிவு கிடையாது. அங்க கிடைச்ச முடிவுகள் நல்லா இருக்கு, ஆனா சின்ன ஊர், சின்ன ஆய்வுகள்.

எனக்குப் பிடிச்சது ஜிம்பாப்வே. டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல மருத்துவர், ஹராரேல கிளினிக் வாசல்ல பெஞ்ச் போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிகளை உட்கார வெச்சார். ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச். அவங்க டிப்ரெஷன்னு சொல்றதில்ல. "குஃபுங்கிசிசா"ன்னு அவங்க மொழிச் சொல்தான். அளவுக்கு மீறி யோசிக்கிறதுன்னு அர்த்தம். நம்ம ஆத்தாக்கள் "புள்ள என்னத்தையோ யோசிச்சுக்கிட்டே கெடக்குது"ன்னு சொல்றதேதான். இன்னைக்கு எந்தப் பிரச்சனையை முதல்ல கையில எடுக்கலாம்னு பாட்டி கேட்பாங்க. 2016ல ஜாமால வந்த சோதனைல, வழக்கமான கவனிப்பு கிடைச்சவங்களைவிட பெஞ்சுக்கு வந்தவங்களுக்கு அறிகுறிகள் நல்லாவே குறைஞ்சிருந்தது.

இப்போ அந்த மெயிலுக்கு வரேன். தங்கச்சி, 20 நிமிஷத்துல எழுதின பேரைச் சந்தேகப்படலாம், தப்பில்ல. அதுக்காக அது பொய்யின்னு முடிவு பண்ணிடாத. பைபோலாரைக் கண்டுபிடிக்க உன் பழைய வருஷங்கள் வேணும். எப்போ தூக்கமே இல்லாம தெம்பா இருந்த, எப்போ காசை வாரி இறைச்ச, வீட்ல யாருக்காவது இப்படி இருந்ததா. அந்த மாதிரி நாளை நீ நல்ல நாளா நினைச்சிருக்கலாம், அதனால அம்மாவையோ ரூம்மேட்டையோ கேட்டு ஒரு தாள்ல எழுது. ரெண்டு மூணு வாரம் தூங்கின நேரத்தைக் குறிச்சு வை. தைராய்டு பார்த்தாங்களான்னு கேளு. இதை எடுத்துக்கிட்டு அதே டாக்டர்கிட்ட போய், "மேடம், எதை வெச்சு இதைச் சொல்றீங்க? வேற என்னவா இருக்கலாம்?"னு கேளு. நல்ல டாக்டருக்கு இதுல கோபம் வராது. வந்தா வேற டாக்டரைப் பாரு, மாத்திரையை நிறுத்தாம. உன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உனக்கு உரிமை கொடுத்திருக்கு. முன்னாடி சிகிச்சை எடுத்ததை மட்டும் வெச்சு இப்பவும் மனநோய் இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படைல இன்ஷூரன்ஸும் தரணும். வரன் பார்க்கிற ஆன்ட்டிங்க சட்டம் படிக்கிறதில்ல, அது தெரியும்.

உன் பதில் வந்ததும், நீ சரின்னு சொன்னா மட்டும், பேர் இல்லாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். அதுக்குள்ள ராத்திரி தாங்க முடியலன்னா, யாரா இருந்தாலும், டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.